இஜிஆரை அடைச்சு இசிஎம்ல ஆஃப் பண்ணிடலாமுங்களா? 2017 டீசல், பி0401, பிக்கப் இல்ல

பல்லடம் டீசல்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 2017 மாடல் பிஎஸ்4 டீசல் செடான், 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கம்பெனி பேரு வேண்டாம், நான் கேக்குறது எல்லா டீசலுக்கும் பொதுவானதுதான். ரெண்டு மாசமா செக் இன்ஜின் லைட் எரியுது, நம்ம மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பாத்துட்டு பி0401ன்னு எரர் கோடு காட்டுது, இஜிஆர் (எரிஞ்ச புகைல கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்கு விடுற வால்வ்) போயிருச்சுன்னாரு. அதோட வண்டி இழுவையும் கொறஞ்சுபோச்சுங்க. போன வாரம் குடும்பத்தோட ஆழியாறு வழியா வால்பாறை ஏறினோம், பாதி கொண்டை ஊசி கூடத் தாண்டல, ரெண்டாவது கியர்லயே திணறுது, கண்ணாடில பாத்தா பின்னாடி கரும்புகை, பின்னால வந்த பைக்காரர் மூக்கைப் பொத்திட்டு வர்றாரு. எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு.

புது இஜிஆர் வால்வ் வெல கேட்டா தலை சுத்துதுங்க. மெக்கானிக் சொல்றது என்னன்னா, இஜிஆர் வாயில ஒரு தகடு வெச்சு அடைச்சிடலாம், டவுன்ல லேப்டாப்காரர் ஒருத்தர் இசிஎம்ல, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர்ல, இஜிஆரையே ஆஃப் பண்ணி லைட் எரியாம பண்ணிக் குடுப்பாரு, கூடவே சைலன்சர்ல இருக்குற கேட்டையும் (புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) உள்ள தட்டி எடுத்துட்டா வண்டி நல்லா மூச்சு விடும்னு. சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்காரு. பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

வைகைக்கரை:
நண்பா தாராளமா பண்ணுங்க. நான் டாக்ஸி ஓட்டுறேன், மதுரை ஏர்போர்ட் ட்ரிப், கொடைக்கானல் ட்ரிப்னு எந்நேரமும் ரோட்டுலதான். பண்ணி 40,000 கிலோமீட்டர் ஆச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல, இன்டேக்ல கார்பனும் சேரல. கார்பன் அடைச்சு வண்டி ரெண்டு நாள் ஷெட்ல நின்னா அந்த மாச டியூ யாரு கட்டுறது. இஜிஆர்ங்கறது புகையைத் திருப்பி இன்ஜினுக்கே ஊட்டுறது, அது எப்படி இன்ஜினுக்கு நல்லதா இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் சரியா சொன்னதில்ல.

பழைய பிஸ்டன்:
பல்லடம் தம்பி, சனிக்கிழமை போகாதீங்க. ஒரு வாரம் பொறுங்க.

நான் 20 வருஷத்துக்கு மேல இன்ஜின் டெஸ்ட் பெட்ல வேலை பாத்தவன், அதுல பாதிக்கு மேல இந்த காலிபரேஷன் வேலைதான், அதாவது இசிஎம்முக்குள்ள இருக்குற மேப் (எப்ப எவ்வளவுன்னு சொல்ற நம்பர் அட்டவணை) எல்லாத்தையும் டெஸ்ட் பெட்ல ஓட்டி ஓட்டி நிரப்புறது. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், படிச்சுடுங்க.

மொதல்ல பி0401ன்னா என்ன. இஜிஆர் வால்வ் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலான டீசல் கார்ல இஜிஆர் பைப்புல எவ்வளவு புகை போகுதுன்னு நேரடியா அளக்க எந்த சென்சாரும் கிடையாது. இசிஎம் அதைக் கணக்குப் போட்டுத்தான் தெரிஞ்சுக்குது. ஏர் ஃபில்டர் பக்கத்துல மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கு பாருங்க, அதுதான் கண்ணு. சிலிண்டருக்குள்ள இடம் ஒரே அளவு, இஜிஆர் திறந்து கொஞ்சம் புகை உள்ள போனா அந்த அளவுக்குப் புதுக்காத்து கொறையணும் இல்லையா. உதாரணத்துக்கு ஒரு ஸ்ட்ரோக்குக்கு 400 மில்லிகிராம் காத்து போய்ட்டிருந்தா, இஜிஆர் திறந்ததும் 280க்கு இறங்கணும்னு மேப்ல எழுதியிருக்கும். இறங்கலைன்னா இன்னும் கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம் திறன்னு வால்வுக்கு ஆர்டர் போடும். முழுசாத் திறந்தும் இறங்கலைன்னா அப்பதான் பி0401. ஆக அந்த கோடு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "நான் எதிர்பாத்த அளவுக்கு காத்து கொறையல".

இப்ப ஏன் கொறையல? வால்வ் கார்பன்ல அடைச்சிருக்கலாம். இஜிஆர் கூலர் அடைச்சிருக்கலாம். வேக்குவம்ல இயங்குற வால்வா இருந்தா ஹோஸ் வெடிச்சிருக்கலாம். ஏர்ஃப்ளோ சென்சார்ல தூசி படிஞ்சு தப்பா காட்டலாம். இன்னொண்ணும் இருக்கு, நீங்க சொன்னதைப் படிச்சதும் எனக்கு அதுமேலதான் சந்தேகம்.

நீங்க கரும்புகைன்னு எழுதியிருக்கீங்க, இழுவை இல்லைன்னும் எழுதியிருக்கீங்க. இஜிஆர் அடைச்சுக்கிட்டு புகை உள்ள போகலைன்னா கரும்புகை கொறையத்தான் செய்யும், அதிகமாகாது. ஏத்தத்துல முழுசா மிதிக்கிறப்ப இசிஎம்மே இஜிஆரை மூடிடும். அப்ப ஏத்தத்துல கரும்புகை வருதுன்னா டீசலுக்குத் தக்க காத்து சிலிண்டருக்குப் போகலைன்னு அர்த்தம். காத்தை அமுக்கி அனுப்புற டர்போவுல இருந்து, அதை ஆற வைக்கிற இன்டர்கூலர் வழியா இன்டேக்குக்கு வர்ற ஹோஸ்ல எங்கயோ கிழிசல் இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஏர்ஃப்ளோ சென்சார் அளந்த காத்துல ஒரு பங்கு வெளிய போயிடும். இசிஎம்முக்கு அது தெரியாது, காத்து நெறைய வந்திருக்குன்னு நம்பி அதுக்குத் தக்க டீசல் அடிக்கும், காத்து பத்தாம அது கரியா வெளிய வரும். லேசா மிதிச்சு ஓட்டுறப்பவும் அதே கதை, கசியுற காத்தையும் சேத்து எண்ணுறதால சென்சார் கணக்கு எறங்கவே எறங்காது, இசிஎம் இஜிஆரை இன்னும் இன்னும் திறக்கும், கடைசியில பி0401. ஒரே கிழிசல், மூணு நோய்.

இப்ப நீங்க தகடு போட்டு இஜிஆரை ஆஃப் பண்ணா லைட் அணைஞ்சிடும். கிழிசல் அப்படியே இருக்கும், கரும்புகையும் அப்படியே இருக்கும்.

வைகைக்கரை தம்பி கேட்டதுக்கும் சொல்லிடறேன். நல்ல கேள்விதான். இஜிஆர் இன்ஜினோட ஆயுசுக்காக வெச்சது இல்ல, அதை ஒத்துக்குறேன். சிலிண்டருக்குள்ள சூடு ஏறக்கூடாதுன்னு வெச்சது. சுமார் 1500 டிகிரி தாண்டினதும் காத்துல இருக்குற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகுறது மளமளன்னு கூடும். எரிஞ்சு முடிஞ்ச புகையைக் கொஞ்சம் கலந்தா அது எரியாது, சூட்டை மட்டும் வாங்கிக்கும், உச்ச வெப்பம் எறங்கும். அதுக்காகத்தான் அது. ஆனா ஒருதடவை அதை வெச்சு இன்ஜினை காலிபரேட் பண்ணியாச்சுன்னா, இன்ஜெக்‌ஷன் டைமிங், பூஸ்ட் (டர்போ குடுக்குற காத்து பிரஷர்), ரெயில் பிரஷர் (டீசல் பிரஷர்) எல்லாமே அது இருக்குங்கற கணக்குலதான் நிரப்பியிருப்போம். பெட்ரோல்ல இன்னும் மோசம், இஜிஆர் இருக்குற இடத்துல இக்னிஷனை முன்னாடி தள்ளி வெச்சிருப்போம், இஜிஆர் இல்லாம அதே டைமிங்ல ஓடினா நாக்கிங் வரும். கம்ப்யூட்டர் இன்ஜின்ல ஒரு பாகத்தைக் கழட்டுறதும், பழைய அம்பாசிடர்ல கார்புரேட்டர் ஜெட் மாத்துறதும் ஒண்ணு இல்ல.

பல்லடம் டீசல்:
ஐயா ரொம்ப நன்றிங்க. இந்த மாதிரி யாரும் சொன்னதில்ல. ஹோஸை எப்படிங்க பாக்குறது? நம்ம மெக்கானிக் நல்ல மனுசன்தான், சொன்னா பாப்பாரு.

பழைய பிஸ்டன்:
மொதல்ல கை வெச்சே பாக்கலாம். இன்ஜின் ஆறினப்பறம் ஒவ்வொரு ஹோஸையும் தடவுங்க, கிழிசல் இருக்குற இடத்துல ஆயில் ஈரமும் தூசியும் சேந்து கறுப்பா பிசுபிசுன்னு இருக்கும். கிளாம்புக்கு அடியிலயும் ஹோஸோட கீழ்ப்பக்கமும் விடாதீங்க, அங்கதான் கிழியும். தெரியலைன்னா டர்போ முன்னாடி அடைச்சு ஒரு பார் அளவுக்கு மட்டும் காத்து குடுத்து சோப்புத் தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. டயருக்கு அடிக்கிற பிரஷரை அப்படியே விட்டுடப் போறாங்க, சீல் போயிடும்.

அப்பறம் ஸ்கேனர்ல லைவ் டேட்டா பாக்கச் சொல்லுங்க. கோடு மட்டும் படிச்சுட்டு பாகத்தை மாத்துறது வைத்தியம் இல்ல. பூஸ்ட் எவ்வளவு கேக்குது எவ்வளவு வருது, காத்து எவ்வளவு கேக்குது எவ்வளவு வருது, இந்த நாலு நம்பரை எழுதி இங்க போடுங்க.

தாமிரபரணி:
நான் பெட்ரோல்காரன், இருந்தாலும் சொல்லுதேன், என் கதை யாருக்காவது உதவட்டும். 2012 மாடல் பெட்ரோல். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஷெட்ல கேட்டை அறுத்து உள்ள இருந்த தேன்கூடு மாதிரி கல்லை எடுத்துட்டு திரும்ப வெல்டு வச்சோம். சத்தம் கும்முன்னு வரும்னு ஆசை, வேற ஒண்ணும் இல்ல. எடுத்த கல்லை என்னட்ட தரல, அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

கொஞ்ச நாள்லயே பி0420 வந்து லைட் எரிய ஆரம்பிச்சுது. கேட்டுக்குப் பின்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும்லா, முன்னாடி சென்சார் ஏறி இறங்குத மாதிரியே அதுவும் ஏறி இறங்குச்சுன்னா நடுவுல கேட் வேலை செய்யலன்னு இசிஎம் கண்டுபிடிச்சிரும். எரியுறது எரியட்டும், காரணம் தெரிஞ்சதுதானேன்னு லைட் மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். அதுதான் நான் பண்ண பெரிய தப்பு. ஆறு மாசம் கழிச்சு இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிஞ்சு பி0171 வந்திருக்கு, பெட்ரோல் கம்மியா காத்து ஜாஸ்தியா எரிஞ்சிருக்கு. லைட் ஏற்கெனவே எரிஞ்சிட்டு இருக்குறதால எனக்கு எப்படித் தெரியும்? தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் தெனமும் விரட்டிட்டு இருந்தேன். ஒரு சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வ் எரிஞ்சு ஹெட் இறக்க வேண்டியதாயிட்டு. செலவை எங்க வீட்ல இன்னும் முழுசா சொல்லல.

சத்தமும் ஒரு மாசத்துல சலிச்சிரும். வண்டி நிறுத்திட்டு வீட்டுக்குள்ள போனா சட்டைல பெட்ரோல் நாத்தம், அதுதான் மிச்சம்.

வைகைக்கரை:
பிஸ்டன் சார், நீங்க சொல்றது புரியுது, கோபம் எல்லாம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். நான் வருஷா வருஷம் புகை டெஸ்ட் எடுக்குறேன், இஜிஆர் ஆஃப் பண்ணப்பறம் ரீடிங் முன்னைவிட கம்மியாத்தான் வருது. புகையே கம்மியாயிருக்குன்னா நான் என்ன தப்பு பண்றேன்? ரோட்டுல முன்னாடி போற பழைய லாரி கக்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

பழைய பிஸ்டன்:
உங்க ரீடிங் கம்மியா வர்றது உண்மை, நான் மறுக்கல. அதுலதான் விஷயமே இருக்கு. டீசலுக்கு நம்ம பியூசி டெஸ்ட், அதான் அந்தப் புகை டெஸ்ட், எப்படி எடுக்குறாங்க? நியூட்ரல்ல வெச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சு வர்ற புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு பாக்குறாங்க, பிஎஸ்4 வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் வரைக்கும் பாஸ். அதுல கரி மட்டும்தான் தெரியும். நைட்ரஜன் ஆக்சைடை அந்த மெஷின் அளக்கவே அளக்காது. டீசல் இன்ஜின்ல இது ரெண்டும் தராசுத் தட்டு மாதிரி, ஒண்ணு எறங்கினா ஒண்ணு ஏறும். இஜிஆரை மூடினா கரி எறங்குது, நைட்ரஜன் ஆக்சைடு ஏறுது. நீங்க பாக்குற தட்டு எறங்கியிருக்கு, அவ்வளவுதான்.

இதுக்காக எவ்வளவு பாடுபட்டோம்னு சொல்றேன். டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு பிஎஸ்3ல 500 மில்லிகிராம், பிஎஸ்4ல 250, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததும் 80. ஒவ்வொரு படிக்கும் ராத்திரி பகலா டெஸ்ட் பெட்ல ஓட்டியிருக்கோம். அரை மணி நேரத்துல லேப்டாப்ல ஒருத்தர் அந்த மேப்பை பூஜ்ஜியம் ஆக்கிட்டுப் போறதைப் பாத்தா வயிறு எரியுது.

2015ல ஃபோக்ஸ்வாகன் விவகாரம் ஞாபகம் இருக்கா? டெஸ்ட்ல ஓடுறதை சாஃப்ட்வேரே கண்டுபிடிச்சு அப்ப மட்டும் ஒழுங்கா நடந்துக்குச்சு, ரோட்டுல வேற மாதிரி. உலகம் பூரா 1 கோடியே 10 லட்சம் வண்டி, நம்ம நாட்டுல மட்டும் 3.23 லட்சம் வண்டிய ரீகால் அறிவிச்சாங்க. 2019ல பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட்டுச்சு. நாம எல்லாரும் அந்தக் கம்பெனியத் திட்டினோம். அவங்க மறைச்சதும் இதே நைட்ரஜன் ஆக்சைடுதான் தம்பி.

பைபாஸ் வீடு:
நான் வண்டி ஓட்டத் தெரியாதவ, என் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைப் படிப்பார், அவர் ஃபோன்ல பார்த்துட்டு எழுதுறேன். எங்க வீடு சேலத்துல பைபாஸை ஒட்டி இருக்கு. பையனுக்கு ஏழு வயசு, வீசிங். அடுக்களையில எண்ணெய் தாளிக்கிற புகைக்குக் கூட வராத இழுப்பு, சாயங்காலம் வெயில்ல மொட்டை மாடியில விளையாடினா வருது. டாக்டர்கிட்ட கேட்டதுக்கு, வண்டிப் புகைல இருக்குற நைட்ரஜன் ஆக்சைடு வெயில்ல வேற ஆவியோட சேர்ந்து ஓசோன் ஆகும்மா, அது நுரையீரல்ல எரிச்சல் பண்ணும், கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னார். நெபுலைசர் மாஸ்க்கை அவனே எடுத்து மாட்டிக்கிற அளவுக்குப் பழகிட்டான்.

டாக்ஸி ஓட்டுற தம்பி, நீங்க கஷ்டப்பட்டுப் பிழைக்கிறவர்னு தெரியுது. உங்களைக் குத்தம் சொல்ல எழுதல. புகை தெரியலைன்னா ஒண்ணும் இல்லைன்னு நானும் நினைச்சிட்டிருந்தேன், அதைச் சொல்லணும்னு தோணுச்சு.

கோர்ட் வளாகம்:
சட்டம் பத்தி யாரும் பேசல, சுருக்கமா சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை ஓனர் மாத்தக்கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ, உட்பிரிவு 4: அனுமதி இல்லாம பாகங்களை மாத்தினா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, இல்ல ரெண்டும். காத்து மாசுக்கு 190 (2): 10,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல மூணு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும், கூடவே மூணு மாசம் லைசென்ஸுக்குத் தகுதி போயிடும். யாரு பிடிக்கப் போறாங்கன்னு கேப்பீங்க. வண்டி உங்க பேர்ல இருக்கு, லேப்டாப்காரர் பேர்ல இல்ல.

லண்டன் யாழ்:
வணக்கம் எல்லாருக்கும். நான் லண்டனில இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இஞ்ச நடக்கிறதையும் சொல்லுறன். கார் மூண்டு வயசானாப் பிறகு வருசா வருசம் எம்ஓடி எண்டொரு செக்கிங் இருக்கு. டீசல் காரில இருக்கிற டிபிஎஃப்பை (புகையில கரியைப் பிடிக்கிற வடிகட்டி) சனம் களட்டத் தொடங்கினவுடன, 2014 பெப்ரவரியில இருந்து அது இருக்கோ இல்லையோ எண்டு கண்ணால பாக்கோணும் எண்டு சட்டம் வந்தது. உடன ஆக்கள் பெட்டியை வெட்டி உள்ளுக்க இருக்கிறதை எடுத்துப்போட்டு திருப்பி வெல்ட் பண்ணி வச்சினம், வெளியில பாத்தா பெட்டி இருக்கும். 2018 மே மாசத்தில இருந்து அதுவும் ஏலாது, வெட்டி ஒட்டின அடையாளம் கிடந்து, அதுக்குச் சரியான காரணம் காட்டேலாட்டி ஃபெயில், டிபிஎஃப் இருக்கிற காரில என்ன நிறத்தில புகை வந்தாலும் ஃபெயில். களட்டின காரை ரோட்டில ஓடினா 1,000 பவுண்ட் மட்டும் ஃபைன், வேன் எண்டா 2,500.

என்ர சிநேகிதன் ஒருத்தன் செகண்ட் ஹேண்டில ஒரு டீசல் வாங்கினவன், முந்தின ஓனர் களட்டினது அவனுக்குத் தெரியாது. எம்ஓடியில பிடிபட்டு, புது டிபிஎஃப் போட்டு, சாஃப்ட்வேரையும் பழையபடி ஏத்த வேண்டி வந்தது. ஒரிஜினல் ஃபைலை ஆரும் கவனமா வச்சிருக்கேல்லை, அதைத் தேடிறதே பெரிய பாடு. பழைய டீசல் வாங்கிற ஆக்கள் இதையும் பாத்து வாங்குங்கோ.

வேளச்சேரி வாசி:
இந்த இடத்துல என் பிரச்சினையும் கேட்டுக்கிறேன், தனியா இழை ஆரம்பிக்கல. 2021 பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. தினமும் பையனை ஸ்கூல்ல விட 4 கிலோமீட்டர், திரும்ப 4, அவ்வளவுதான் ஓட்டம், வாரக் கடைசில கூட எங்கயும் போறதில்ல. டிபிஎஃப் லைட் மூணு தடவை வந்துடுச்சு. சர்வீஸ்ல புதுசு மாத்தணும்னு ஒரு தொகை சொன்னாங்க, அதைக் கேட்டதுல இருந்து தூக்கம் வரல. வெளிய ஒருத்தர் டிபிஎஃப்பைக் காலி பண்ணி சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணித் தர்றேங்கறார். பிஸ்டன் சார் கொஞ்சம் வழி சொல்லுங்க.

பழைய பிஸ்டன்:
மாத்தவும் வேண்டாம், காலி பண்ணவும் வேண்டாம், மொதல்ல இதைப் பாருங்க.

டிபிஎஃப் ஒரு வடிகட்டி, கரியைப் பிடிச்சு வெச்சுக்கும். நிறைஞ்சதும் இசிஎம் அதை எரிக்கும், அதுக்குப் பேரு ரீஜெனரேஷன். எரியணும்னா உள்ள 600 டிகிரி கிட்ட சூடு வேணும். அந்தச் சூட்டுக்காக, சிலிண்டர்ல எரிஞ்சு முடிஞ்சப்பறம் லேட்டா கொஞ்சம் டீசல் அடிக்கும், அது எக்ஸாஸ்ட்ல போய் எரிஞ்சு சூடாக்கும். இது முடிய கால் மணி, இருபது நிமிஷம் தொடர்ச்சியா ஓடணும். உங்க 4 கிலோமீட்டர்ல இன்ஜின் சூடாகுறதுக்குள்ள ஸ்கூல் வந்துடுது. ஆரம்பிச்ச ரீஜெனை நீங்க பாதில ஆஃப் பண்ணிடறீங்க, கரி அப்படியே இருக்கு, லேட்டா அடிச்ச டீசல்ல ஒரு பங்கு சிலிண்டர் செவுத்துல வழிஞ்சு ஆயில்ல கலக்குது.

அதனால இன்னைக்கே டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்க. ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தா டீசல் கலந்திருக்கு, ஓட்டாதீங்க, ஆயில் மாத்துங்க. மாத்துறப்ப மேனுவல்ல போட்டிருக்குற லோ ஆஷ் ஆயில்தான், பக்கத்துக் கடைல இருக்குறதை ஊத்தக்கூடாது. கரி எரியும், ஆனா ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அது டிபிஎஃப்புக்குள்ளயே தங்கிடும். பிஎஸ்6க்காக டீசல்ல கந்தகத்தை 10 பிபிஎம்முக்குக் கொண்டு வந்ததே இந்த வடிகட்டியும் கேட்டும் கெடாம இருக்கத்தான்.

லைட் விட்டு விட்டு எரியாம நிலையா எரிஞ்சா, ஞாயித்துக்கிழமை காலைல ஈசிஆர்ல ஏறுங்க. ஒரு கியர் கம்மியா வெச்சு 2000 ஆர்பிஎம்முக்கு மேல, நிதானமான ஸ்பீடுல அரை மணி ஓட்டுங்க. ஐட்லிங் கொஞ்சம் கூடும், ரேடியேட்டர் ஃபேன் விடாம ஓடும், சூடு வாசனை வரும், அது நடக்குறப்ப ஆஃப் பண்ணாதீங்க. லைட் மினுக்கினாலோ வண்டி லிம்ப் மோடுக்குப் (இழுவையை இசிஎம்மே கொறைச்சிடுறது) போனாலோ ஸ்கேனர் வெச்சு ஷெட்லதான் ரீஜென் பண்ணணும். டிபிஎஃப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரஷர் வித்தியாசம் பாக்குற சென்சார் ஒண்ணு இருக்கு, அதோட சின்ன ரப்பர் ட்யூப் வெடிச்சாலும் டிபிஎஃப் அடைச்ச மாதிரிதான் காட்டும், அதையும் பாக்கச் சொல்லுங்க. இதெல்லாம் பாத்தப்பறம்தான் புதுசு பேச்சு.

காலி பண்ணா என்ன ஆகும்னு கேட்டா, இசிஎம் பிரஷரை மட்டும் நம்புறதில்ல, ஓடின தூரம் எரிச்ச டீசல் வெச்சும் கரி எவ்வளவு சேந்திருக்கும்னு கணக்குப் போடும். சாஃப்ட்வேரை அரைகுறையா மாத்தினா, இல்லாத டிபிஎஃப்பை எரிக்க டீசல் அடிச்சுக்கிட்டே இருக்கும், ஆயில் கெட்டு டர்போ போயிடும். இன்னொண்ணு, சில பேர் அந்த ஒரு கோடை மட்டும் மறைக்கத் தெரியாம எல்லா கோடையும் சேத்து அணைச்சிடறாங்க. தாமிரபரணி தம்பி டேப் ஒட்டினார் இல்ல, இவங்க அதை உள்ள இருந்தே ஒட்டிடறாங்க.

ஒண்ணு மட்டும் உரிமையோட சொல்றேன், தினம் 8 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் வாங்கச் சொல்லி உங்களுக்கு வித்தவங்க மேல எனக்கு வருத்தம் இருக்கு. வாங்குறப்ப உங்க ஓட்டம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வித்திருக்கணும்.

வேளச்சேரி வாசி:
டிப்ஸ்டிக் பார்த்தேன் சார். மேல் கோட்டுக்கு அரை விரல்கடை மேல இருக்கு. கை நடுங்குது. நாளைக்கே ஆயில் மாத்திடறேன்.

பல்லடம் டீசல்:
எல்லாருக்கும் மறுபடி வணக்கமுங்க. மெக்கானிக்கோட உக்காந்து பாத்தோம். மொதல்ல அவரு ஒத்துக்கல, பி0401ன்னா இஜிஆர்தான்னு ஒரே பிடி. லைவ் டேட்டா போட்டுப் பாக்கலாம் வாங்கன்னு கூட்டிட்டு ஏத்தத்துல முழுசா மிதிச்சுப் பாத்தோம், பூஸ்ட் 210 கேக்குது, 185 தாண்டவே இல்லீங்க. லேசா மிதிச்சு 2000 ஆர்பிஎம்ல வெச்சா காத்து 310 கேக்குது, 390 காட்டுது, இஜிஆர் முழுசாத் திறந்து கெடக்குது. அவரே "அட, காத்து எங்கயோ போகுது"ன்னாரு.

ஹோஸ் கழட்டினா கிளாம்புக்கு அடியில ரெண்டு விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. சுத்தி கறுப்பா ஆயில் பிசுக்கு, ஐயா சொன்ன மாதிரியே. ஹோஸ் வெல இஜிஆர் வால்வ் வெலைல பத்துல ஒரு பங்கு கூட இல்லீங்க.

இஜிஆரையும் கழட்டிப் பாத்தோம், உள்ள தார் ஊத்தின மாதிரி கார்பன். மோட்டார் இருக்குற பக்கம் நனையாம மேல தூக்கி வெச்சு, கிளீனர் அடிச்சு ஊற வெச்சு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு எடுத்தாரு. மாட்டினப்பறம் ஸ்கேனர்ல வால்வுக்கு லேர்னிங் குடுத்தோம். இப்ப கேட்டது 310, வர்றது 315. லைட் அணைஞ்சு ஒம்பது நாளாச்சுங்க.

பழைய பிஸ்டன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தத் தார் எப்படி வந்துச்சுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லுங்க. கிழிசலால இசிஎம் இஜிஆரைத் தேவைக்கு மேல திறந்து வெச்சிருந்துச்சு, அந்தக் கரியும் கிராங்க் கேஸ்ல இருந்து வர்ற ஆயில் ஆவியும் சேந்தாத்தான் அந்தப் பிசின். இனி அந்த வேகத்துல சேராது. இருந்தாலும் 50,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை கழட்டிப் பாத்துடுங்க.

கேட்டைத் தட்டி எடுக்குற பேச்சு என்னாச்சு?

பல்லடம் டீசல்:
அதைத் தொடவே இல்லீங்க. லேப்டாப்காரருக்கு ஃபோன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன். மெக்கானிக் இப்ப அடுத்து வந்த ரெண்டு வண்டிக்கு மொதல்ல ஹோஸைத்தான் தடவிப் பாத்தாராம், அதுல ஒண்ணுல வேக்குவம் ட்யூப் வெடிச்சிருந்துச்சுன்னு எனக்கே கூப்பிட்டுச் சொன்னாரு.

தாமிரபரணி:
நானும் ஒண்ணு சொல்லணும். பழைய கேட் தேடிட்டு இருக்கேன், ஒரிஜினல் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், காசு சேந்ததும் போட்டுருவேன். சென்னை உட்பட நாலு பெருநகரத்துல 1995 ஏப்ரல்ல இருந்தே புது பெட்ரோல் காருக்கு கேட் கட்டாயம்னு எங்க மாமா சொன்னாங்க, அப்ப லெட் இல்லாத பெட்ரோலுக்கு எந்த பங்க்னு விசாரிச்சு விசாரிச்சு அடிப்பாங்களாம், தப்பித் தவறி லெட் பெட்ரோல் அடிச்சா கேட் செத்துரும்னு. அவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்ததை நான் ஒரு சத்தத்துக்காக அறுத்துட்டேன்.

வைகைக்கரை:
ரெண்டு வாரமா படிச்சுட்டுதான் இருந்தேன், எழுத மனசு வரல. சேலம் அக்கா எழுதினதை என் வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எனக்கு இன்னும் ஒரு மனசு ஓடுது, வண்டி ஓடிட்டு இருக்கு, எதுக்குக் கை வைக்கணும்னு. திரும்ப மாத்தணும்னா தகட்டை எடுக்கணும், சாஃப்ட்வேர் பழைய ஃபைல் வேணும், ரெண்டு நாள் ட்ரிப் போகும். சீசன் முடிஞ்சு சர்வீஸ் விடுறப்ப பாக்குறேன், பண்றேன்னு இப்ப வாக்கு குடுக்கல. பண்ணா இங்க வந்து சொல்றேன். ஃபைல் வாங்கி வெச்சிருக்காரான்னு அந்த ஆள்கிட்ட நேத்து கேட்டுட்டேன், இருக்குன்னாரு.

பல்லடம் டீசல், எனக்கும் ஏத்தத்துல லேசா கரும்புகை இருக்கு, சொல்லாம விட்டுட்டேன். உங்களுக்குக் கிழிஞ்சது எந்த ஹோஸ்? டர்போ பக்கமா, இன்டர்கூலர் பக்கமா?

பல்லடம் டீசல்:
இன்டர்கூலர்ல இருந்து இன்டேக்குக்கு வர்ற ஹோஸுங்க, இன்டர்கூலர்ல மாட்டுற முனையில, கீழ்ப்பக்கம். மேல இருந்து எட்டிப் பாத்தா தெரியவே தெரியாதுங்க, கிளாம்பை லூஸ் பண்ணி நகத்திட்டு கைக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. நான் ஞாயித்துக்கிழமை மறுபடி வால்பாறை போயிட்டு வந்தேன். 40 கொண்டை ஊசியும் ஏறியாச்சு, பின் கண்ணாடில ரோடு தெரிஞ்சுதுங்க.